கையளவு நூல், முழு உடை

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், கொஞ்சம் நூலை வைத்துக்கொண்டு உடுத்தத் தக்க ஆடை பின்னுவது. தலைப்பைக் கேட்டதும் சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. அந்தப் புன்னகைக்குள் இருக்கும் கேள்வி எனக்குக் கேட்கிறது. நெல் விளைகிற சோழ நாட்டில், சித்திரை வெயிலில் தார் ரோடு இளகுகிற தஞ்சாவூரில், உல்லன் நூலுக்கும் பின்னல் ஊசிக்கும் என்ன வேலை? ஊட்டியில் பேச வேண்டியதை இங்கே வந்து பேசலாமா? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். ஆனால் முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பின்னல் தெரிந்த வீடு எதுவானாலும் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதற்குள் அரை உருண்டை, கால் உருண்டை, விரல் பருமனுக்குச் சுற்றிய மிச்சம் என்று பல நிறத்தில் நூல் கிடக்கும். தூக்கிப் போட மனம் வராது. பயன்படுத்த வழியும் தெரியாது. அந்த நூல் கடைசியில் என்ன ஆகிறது? டி.வி. மேல் விரிப்பாகிறது. வாசற்படித் தோரணமாகிறது. ஷோகேஸில் நிற்கும் நாய்க்குட்டியாகிறது. போனுக்கு உறையாகிறது. அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மனிதர் உடம்பில் ஏறுகிற உடையாக அது ஏன் ஆவதில்லை? ஏனென்றால் நாம் உடையை முதலில் முடிவு செய்கிறோம், நூலைப் பிறகு வாங்குகிறோம். பெரியவர் ஒருவருக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்ன 400, 500 கிராம் நூல் வேண்டும். அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பைக்குள் கையை விட்டால், அங்கே கிடப்பதெல்லாம் போதாத நூல்தான். என் வாதம் ஒன்றே ஒன்று. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். நூலை முதலில் எடை போடுங்கள். உடையைப் பிறகு முடிவு செய்யுங்கள். அப்படிச் செய்தால் போதாத நூல் என்று ஒன்று அநேகமாக இருக்காது.

இப்படி யோசிப்பது இந்த மண்ணுக்குப் புதிதா? 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் ஊர் இது. ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் குறுவை நெல். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020இல்தான் மறுபடி குறித்த நாளில் மதகு உயர்ந்தது. அந்த எட்டு ஆண்டும் நம் உழவர்கள் என்ன செய்தார்கள்? பம்புசெட் வைத்திருந்தவர் குறுவை போட்டார். இல்லாதவர் குறுவையை விட்டுவிட்டு ஒரு போகச் சம்பாவுக்குப் போனார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கிடைக்காதவர் புழுதியிலேயே நேரடியாக விதைத்தார். பயிரை முடிவு செய்துவிட்டு அணையைத் திட்டுவது இங்கே வழக்கமில்லை. அணையைப் பார்த்துப் பயிரை முடிவு செய்வதுதான் வழக்கம். அதைவிட மேலாக ஒன்று சொல்கிறேன். சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளிக்கிறீர்களே, அதற்கு எந்த வாய்க்கால் தண்ணீர் கொடுக்கிறது? நெல் குடித்து மிச்சம் வைத்த ஈரமும் தை மாதப் பனியும் போதும். ஒரு முழுப் பயிர் விளைந்து வீட்டுக்கு வருகிறது. மிச்ச ஈரத்துக்கு ஏற்ற பயிர் உளுந்து என்று கண்டுபிடித்தவர்கள், மிச்ச நூலுக்கு ஏற்ற உடை எது என்று கண்டுபிடிக்க முடியாதா?

சரி, வயலை விட்டுத் தறிக்கு வருவோம். நூலைச் சிக்கனமாக ஆள்வதில் இந்தக் காவிரிப் படுகைக்கு நீண்ட பழக்கம் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் பட்டு, மயிர், பருத்தி மூன்றிலும் நுட்பமாக வேலை செய்த நெசவாளர்களின் இருப்பிடத்தைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், மயிலாடுதுறைக்குப் போங்கள். அந்த நகரத்தின் ஒரு பகுதிதான் கூறைநாடு. அங்கே நெய்த கல்யாணப் புடவையில் பட்டும் பருத்தியும் கலந்திருக்கும், கட்டம் போட்டிருக்கும். முழுப் பட்டு வாங்க முடியாதவரின் புடவை என்று யாராவது அதை இளக்காரமாகச் சொன்னார்களா? தாலி கட்டும் நேரத்து உடையாக அதைத்தான் உடுத்தினார்கள். விலை உயர்ந்த இழை எங்கே கண்ணில் படுமோ, எங்கே உடம்புக்குச் சுகம் தருமோ அங்கே. உழைக்கும் இழை மற்ற இடங்களில். கோர்வைப் புடவையிலும் இதே புத்திதான். இரண்டு கரைக்கும் ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று மூன்று நாடாக்களை ஓட்டுவதால், கரை நிறத்து நூல் உடல் முழுக்கப் போய் மறைந்து வீணாவதில்லை.

திருபுவனம், அய்யம்பேட்டைப் பக்கம் தறிக்கூடத்துக்குள் போனால் இன்னொன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், நெய்து முடிகிற தறுவாயில், கடைசி முழத்தை அப்படியே அறுத்துத் தள்ளிவிட்டுப் புதுப் பாவை முதலிலிருந்து விழுதிலும் அச்சிலும் கோத்தால், நூலும் போகும், நாளும் போகும். அதற்காகப் பழைய பாவின் ஒவ்வோர் இழை நுனியோடும் புதுப் பாவின் ஓர் இழை நுனியைச் சேர்த்து, சாம்பலையோ வேறு பொடியையோ தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி முறுக்கிவிடுவார்கள். முடிச்சு கிடையாது, வெறும் முறுக்கு. பட்டுப் பாவு என்றால் ஆயிரக்கணக்கான இழை. அத்தனையும் ஒன்றுகூட மாறாமல் விரலால் இணைப்பதைப் பார்த்தவர்கள், நூலின் கடைசி முழத்துக்கு இந்த மண்ணில் என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்வார்கள்.

கூறைநாட்டுப் புத்தியை ஊசிக்குக் கொண்டுவந்தால் என்ன கிடைக்கும்? நாலைந்து வயதுப் பெண் குழந்தைக்கு ஒரு கவுன். கழுத்து, தோள், மார்பு வரையிலான மேல்பகுதியை மட்டும் குரோஷே கொக்கியால் பின்னுங்கள். கீழே பாவாடைக்குப் பழைய பருத்திப் புடவையின் கிழியாத பாகத்தைச் சுருக்கம் வைத்துத் தையுங்கள். உடம்பின் வளைவுக்கு இணங்க வேண்டிய இடத்தில் பின்னல், வெறுமனே தொங்க வேண்டிய இடத்தில் துணி. முழு கவுனையும் பின்னினால் ஆகிற நூலில் ஒரு சிறு பங்குதான் செலவு. குழந்தை வளர்ந்தால் மேல்பகுதியை அவிழ்த்துவிட்டு அதே நூலை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். தைத்த சட்டையை அப்படிப் பிரித்து நூலாக்க முடியுமா? கத்தரி பட்ட துணி பட்டதுதான். தையற்கடையில் சட்டைக்கு வெட்டும்போது துணியில் பத்தில் ஒரு பங்காவது துண்டு துணுக்காகத் தரையில் விழுகிறது. பின்னலில் கத்தரிக்கு வேலையே இல்லை. கண்ணியைக் கூட்டினால் அகலம், குறைத்தால் ஒடுக்கம். துணி பிறக்கும்போதே உடையாகப் பிறக்கிறது.

இங்கே விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். ‘ஐயா, நெசவில் குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழை, துணியின் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். பின்னலில் ஒரு வரிசைக்கு, அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நூல் போகிறதே? இதுவா சிக்கனம்?’ உண்மை. ஒவ்வொரு கண்ணியும் ஒரு வளைவு. வளைவுக்கு நீளம் வேண்டும். ஆகவே இறுக்கமாகப் பின்னி, கெட்டித் துணியாக்கி, நெசவோடு போட்டி போட நினைப்பவர் நூலை இழப்பார். சிறு நூல்காரர் போக வேண்டிய பாதை வேறு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்று தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கே பெண்கள் மெல்லிய ஆட்டுமயிர் நூலில் பின்னுகிற சால்வை, விரித்தால் ஆளைப் போர்த்தும்; சுருட்டினால் கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும். எப்படி? நூல் பாதி, துளை பாதி. இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்து எடுத்து, பக்கத்தில் ஊசிமேல் நூலைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினால் அங்கே ஒரு துளை விழும். துளைக்கு எடை கிடையாது. ஆனால் பரப்பு உண்டு. மெல்லிய நூலை எடுத்து, அதற்கு வழக்கமாகச் சொல்வதைவிட ஒன்றிரண்டு நம்பர் பருத்த ஊசியில் பின்னினால், அதே 50 கிராம் இன்னும் தூரம் ஓடும். காற்றும் உள்ளே வரும். நம் ஊருக்கு அதுவும் நல்லதுதானே? ஆனால் எல்லாவற்றையும் தளர்த்திவிடாதீர்கள். காலுறையைத் தளரப் பின்னினால் பத்தே நாளில் குதிகால் வெளியே எட்டிப் பார்க்கும். தேயும் இடம் இறுக்கம், தொங்கும் இடம் தளர்வு.

அடுத்து அளவு. சிறு நூலில் இறங்குகிறவர் தோற்பது கைத்திறமை இல்லாமல் இல்லை, கண்ணை நம்பித்தான். ஒரு முக்கோணச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியில் இரண்டு மூன்று கண்ணியில் தொடங்கி, வரிசைக்கு வரிசை அகலம் கூட்டி, 100 வரிசையில் முடிப்பதாகத் திட்டம். 50ஆவது வரிசையில் பாதி வந்துவிட்டோம் என்று கண் சொல்லும். நூலைப் பார்த்தால் முக்கால் பங்கு அப்படியே இருக்கும்! ‘அடடா, நூல் ஏராளமாக இருக்கிறதே, ஓரத்துக்கு அகலமாகக் கரையும் போடலாமே’ என்று மனம் தாராளமாகிவிடும். அங்கேதான் வழுக்குகிறது. முக்கோணத்தின் பரப்பு உயரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. 50 வரிசையில் செலவானது கால் பங்கு நூல். சரிபாதி செலவாவது 71ஆவது வரிசையில்தான். மீதி 29 வரிசைகள் மற்ற பாதியைத் தின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த இந்தக் கணக்கை மறந்துவிட்டு, 90ஆவது வரிசையில் நூல் தீர்ந்துபோய், அதே நிறத்துக்குக் கடை கடையாக அலைந்தவர்கள் உண்டு. சாயத்தொட்டி மாறினால் நிறமும் ஒரு மாற்றுக் குறையும், தெரியுமல்லவா?

இதற்கு மருந்து, நகைக்கடையில் இருப்பது போன்ற சிறிய எலக்ட்ரானிக் தராசு. இப்போது சமையலறைக்கென்றே விற்கிறார்கள். தொடங்கும் முன் உருண்டையை எடை போடுங்கள். ஒரு வரிசைக்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தால், அந்த வரிசை எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும். மெல்லிய நூலில் ஒரு வரிசை ஒரு கிராம்கூட வராது என்றால் பத்து வரிசைக்கு ஒருமுறை போடுங்கள். கடைசி வரிசையை முடித்துக் கட்டுவதற்கு, அகலத்தைப் போல நான்கு மடங்கு நூலைத் தொடாமல் வைத்திருங்கள். அதில் கை வைக்கவே கூடாது. இன்னொரு விதி இதைவிட முக்கியம். அளவு கட்டாயமான இடத்தில் தொடங்கி, கூடக்குறைய இருந்தாலும் குற்றமில்லாத இடத்தில் முடியுங்கள். சட்டை என்றால் கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்குங்கள்; நீளம் நாலு விரல் குறைந்தால் குடி முழுகிவிடாது. காலுறை என்றால் விரல் நுனியில் தொடங்கிக் கணுக்காலை நோக்கி ஏறுங்கள். தொப்பி என்றால் உச்சியில் தொடங்குங்கள். எதிர்த்திசையில் தொடங்கியவர் நூல் தீரும்போது கையில் என்ன வைத்திருப்பார்? கழுத்தில்லாத சட்டை, விரல் மூடாத காலுறை, உச்சி திறந்த தொப்பி. அவற்றைத்தான் பிறகு பொம்மைக்குப் போட்டுவிடுகிறோம்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். வெயில் ஊருக்குப் பின்னல் எதற்கு? இந்த அவையில் இருக்கும் ஆண்களில் பெரும்பாலோர் இந்த நிமிடம் பின்னலாடைதான் உடுத்தியிருக்கிறார்கள். உங்கள் சட்டைக்குள் இருக்கும் பனியன் தறியில் நெய்தது இல்லை; திருப்பூரில் பின்னல் எந்திரத்தில் கண்ணி கண்ணியாகப் பின்னியது. 1920களில் அங்கே சில எந்திரங்களோடு தொடங்கிய தொழில் இன்று உலகத்துக்கே பனியன் கொடுக்கிறது. சித்திரை வெயிலில் வியர்வையை உறிஞ்சி, உடம்போடு நீண்டு சுருங்கி, மூச்சுவிட இடம் கொடுக்கும் துணி எதுவென்றால் பின்னல் துணிதான். குளிருக்கு என்று ஏற்பட்டது கம்பளி. பின்னல் குளிருக்கும் பொது, வெயிலுக்கும் பொது. நூல் பருத்தியானால் கதையே மாறிவிடுகிறது. தவிரவும், நமக்குக் குளிரே இல்லை என்று சொல்கிறவர்கள் மார்கழி விடியலில் டீக்கடைப் பக்கம் ஒரு நடை போய்வரட்டும். குரங்குக் குல்லாவும் மப்ளரும் இல்லாத தலை எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும். காதை மட்டும் மூடுகிற ஒரு பட்டைக்கு 20 கிராம் நூல் தாராளம். குல்லாவைவிட அது மரியாதையாகவும் இருக்கும்.

சிரித்தது போதும். கனமான பேச்சுக்கு வருகிறேன். பிறந்த குழந்தை நம்மைப் போல் இல்லை. அதன் நீளத்தில் கால் பங்கு தலை. உடம்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலை. ஈரத்தோடு பிறக்கிறது, கொழுப்பு குறைவு, நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. அதன் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்கு வேர்க்கிற அறையில் அந்தக் குழந்தைக்குக் குளிர்கிறது! வெப்ப நாடுகளிலும் குழந்தைகள் குளிர்ந்துபோகின்றன என்று அந்த நிறுவனம் பல காலமாக எச்சரித்துவருகிறது. எடை 2,500 கிராமுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், சுவர் ஈரம் காயாத வீட்டில் அப்படி ஒரு குழந்தை பிறந்தால்?

1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோல் படும்படி வைத்துக் கட்டிவிட்டார்கள். கங்காரு முறை என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படுவது அதுதான். இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பிறந்தவுடனேயே இந்த முறையைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று காட்டியது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அதையே பரிந்துரையாக்கியது. அந்த நிலையில் குழந்தைக்கு என்ன உடை தெரியுமா? இடுப்பில் ஒரு துணி, காலில் உறை, தலையில் தொப்பி. அவ்வளவுதான். உயிரைக் காப்பது தாயின் உடம்பு. தொப்பிதான் காக்கிறது என்று மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தத் தாயின் மார்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அந்தத் தலைதான். அதை மூட வேண்டும். அதை மூட எவ்வளவு நூல் வேண்டும்? 25 கிராமில் ஒரு தொப்பி முடிந்து மிச்சமும் இருக்கும். உங்கள் பிளாஸ்டிக் பையில் போதாத நூல் என்று கிடப்பதெல்லாம் இந்தத் தலைக்குப் போதுமான நூல்.

‘திருப்பூரிலிருந்து நாற்பது ஐம்பது ரூபாய்க்குத் தொப்பி வருகிறதே, ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்துக் கையால் பின்னுவானேன்?’ இதுவும் சரியான கேள்விதான். பெரியவருக்குச் சட்டை வேண்டுமா, கடைக்குப் போங்கள். எந்திரத்தோடு கை போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். ஆனால் எந்திரம் ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் தள்ளும்போதுதான் மலிவு. ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு 30 செ.மீ.கூட வராது. நிறைமாதக் குழந்தைக்கு 33, 35 வரும். கடையில் கிடைப்பது இரண்டாவது தலைக்கு. அதை முதல் தலைக்குப் போட்டால் கண்ணை மறைத்து மூக்குக்கு இறங்கும். அளவு தனித்தனியாகத் தேவைப்படும் இடத்தில்தான் கை ஜெயிக்கிறது. நூலோ ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வீட்டில் தூங்குகிற நூல்.

‘பல நிறத்து மிச்சத்தைச் சேர்த்தால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்குமே, ஏழ்மை தெரியுமே’ என்று ஒரு கூச்சம். கூறைநாட்டுக் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டம் என்பதே பல நிறத்து இழைகளை ஒரு கணக்கோடு மாற்றி மாற்றி வைப்பதுதான். கணக்கு இருந்தால் கட்டம், இல்லாவிட்டால் ஒட்டு. இங்கிலாந்தில் 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தது; 1949 வரை நீடித்தது. பின்னல் நூலுக்கும் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, அலசி, நிமிர்த்தி, பட்டை பட்டையாகப் புதிது பின்னினார்கள். பட்டை போட்ட உடை அங்கே யாருக்கும் அவமானமாகத் தெரியவில்லை. வழி சுலபம். எல்லா உருண்டையையும் மேசையில் கொட்டி, எல்லா நிறத்தோடும் ஒத்துப்போகிற ஒரு நிறத்தை, வெள்ளையோ சந்தனமோ, பொதுவாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வரிசை, மிச்சத்தில் இரண்டு வரிசை. பருமன் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். அது மாறினால் துணி இழுத்துக்கொள்ளும்.

இந்தச் சூட்டில் பின்னல் தெரிந்த கைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்காதீர்கள். நம்மைப் போலவே வெக்கையான சென்னையில், 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற குழுவினர் சதுரம் சதுரமாகப் பின்னிச் சேர்த்த போர்வை 11,148.5 சதுர மீட்டர் பரப்புக்கு விரிந்து கின்னஸில் ஏறியது. கைகள் இருக்கின்றன. அந்தக் கைகள் சாதனைக்குப் பின்னியதை மெச்சுகிறேன். உடைக்கும் கொஞ்சம் பின்னலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

ஊசியும் நோட்டும் கொண்டுவந்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன குழந்தைத் தொப்பியை நான்கு ஊசியில் சுற்றிப் பின்னும் முறை இது. ஏனென்றால் தையல் கோடு குழந்தையின் தலையை அழுத்தக் கூடாது. 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரும் பருமனில் பருத்தி நூல் வேண்டும். அக்ரிலிக் சூட்டில் இளகும், கொதிநீரில் போட முடியாது. உச்சியில் 6 கண்ணி. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, சுற்றுக்கு 6 கண்ணி கூட்டுங்கள். பத்து முறை கூட்டினால் 66 வரும். அது 30 செ.மீ. சுற்று, நீண்டு கொடுத்து நிறைமாதக் குழந்தைக்குச் சரியாக இருக்கும். எட்டு முறையோடு நிறுத்தினால் 54, எடை குறைந்த குழந்தைக்கு. பிறகு கூட்டாமல் காது மூடும்வரை இறங்குங்கள், ஏறக்குறைய இருபது சுற்று. கடைசி ஐந்தாறு சுற்றை நேர்க்கண்ணி ஒன்று, மறுகண்ணி ஒன்றாக மாற்றிப் பின்னித் தளர முடியுங்கள். துளைப் பின்னல் வேண்டாம், விரல் மாட்டும். கட்டுவதற்கு நாடா வேண்டாம், கழுத்தில் சுற்றும். மணி, பொத்தான் எதுவும் வேண்டாம். பகல் புழுக்கத்தில் நிறைமாதக் குழந்தைக்கு வீட்டில் போட்டுவைக்கவும் வேண்டாம். சூடு மிஞ்சுவதும் கெடுதல்தான். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற இடத்துக்குக் கொடுக்க நினைத்தால், முதலில் அங்கே செவிலியரிடம் கேளுங்கள்: எந்த அளவு வேண்டும், எத்தனை வேண்டும், எப்படித் துவைத்துக் கொடுக்க வேண்டும் என்று. அவர்கள் வேண்டாம் என்றால், உங்கள் தெருவிலேயே இந்த மழைக்காலத்துக்குள் பிறக்கப்போகும் குழந்தை ஒன்று இருக்கும். 25 கிராமில் ஒரு தொப்பி போக மிஞ்சுகிற நூலை எடை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலுறைக்கு விரல் நுனியிலிருந்து தொடங்கலாம்.